ஊரார் சட்டையும் என் மச்சினன் ஞானமுத்துவும்

சலவைத் தொழிலில் கஷ்டமான வேலை துவைப்பதும் இல்லை, இஸ்திரி போடுவதும் இல்லை. துவைத்து மடித்து வைத்த அடுத்தவன் சட்டையை, அவன் வந்து கேட்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான். டோபிக் கடை நடத்தியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். டோபியிடம் துணியைப் போட்டுவிட்டு, 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடு வெறும் கையாய் வீடு திரும்பியவர்களுக்கும் விளக்க வேண்டாம். எந்தப் பக்கம் நின்றாலும் நாமெல்லாம் பட்டவர்கள்தானே.

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் எனக்கு ஒரு டோபிக் கடை இருந்தது. முன்னால் இஸ்திரி மேசை, பின்னால் கிணறு, அதற்கும் பின்னால் வெள்ளாவி அடுப்பும் கொடிக்கயிறும். இஸ்திரி என் வேலை. துவைக்கிறது என் மனைவி எஸ்தரின் தம்பி ஞானமுத்து. தங்கமான ஆள். குடி கிடையாது, சூது கிடையாது, அவ்வப்போது ஒரு சுருட்டு, அவ்வளவுதான். ஆனால் வாடிக்கைக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவான். கேட்டால், "மறுபடி துவைச்சுத்தானே கொடுக்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பான். வேண்டியவர்களுக்கு இரவல் வேறு கொடுப்பான்.

தொழிலில் இது உள்ளதுதானே என்பீர்கள். வெள்ளைக்காரன் இருந்தவரை இதற்கு மிஞ்சிப்போனால் வசவு விழும். ஜப்பான்காரன் வந்தபிறகு எங்களிடம் வந்த துணியில் பாதி ராணுவத் துணி. அதில் ஒரு பொத்தான் குறைந்தாலே கன்னம் வீங்கும். சட்டையே தெருவில் நடமாடினால் கடையும் போகும், ஞானமுத்துவின் தலையும் போகும். இவன் இந்தப் பழக்கத்தை விடவேண்டும், மாட்டுவதற்குள் விடவேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை.

பக்கத்து இலை

உஜோங் பாசிரில் ஒரு கல்யாணம். அரிசி கண்ணில் படாத காலம், பந்தியில் மரவள்ளிக் கிழங்கும் கருவாட்டுக் குழம்பும்தான். இருந்தாலும் கல்யாணம் கல்யாணம்தானே என்று ஞானமுத்து வெள்ளை டிரில் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கோட்டு கிராணி பொன்னுசாமியுடையது. வெள்ளைக்காரன் ஆபீசில் பெரிய கிராணியாய், அதாவது குமாஸ்தாவாய், இருந்தவர், அப்போது வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அவர் இந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டார் என்று ஞானமுத்து நன்றாக விசாரித்து வைத்திருந்தான். அவர் வந்தார். வந்ததோடு நிற்காமல் இவனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

எதிர்ப்பந்தியில் இருந்த நான் எடுத்த கிழங்கை இலையிலேயே வைத்துவிட்டேன். கழுத்துப்பட்டையின் உள்பக்கம் நான் போட்ட சலவைக்குறி இருக்கிறது. ஞானமுத்து அதை மறைக்கத் தலையைப் பின்னுக்குத் தள்ளி, கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். குழம்பு சிந்தினால் அவர் கோட்டு, சாப்பிடாவிட்டால் தன் பசி என்று அவன் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தது. கிராணியார் அவன் தோளையும் கையையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு பரிவோடு சொன்னார்: "துணி நல்ல துணிதான் தம்பி, எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா உனக்குத் தோள் பிடிக்குது. தையக்காரன் உன்ன ஏமாத்திட்டான்."

நோன்யாவின் வீட்டுக்காரர்

எங்கள் கடைக்குச் சற்றுத் தள்ளி மலாக்கா செட்டிகளின் கம்பம், அதாவது எந்தக் காலத்திலோ வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வழிவந்தவர்கள் குடியிருப்பு. அவர்கள் நம்மைப்போல் சாமி கும்பிடுகிறவர்கள்தான்... நம்மைப்போல் என்றால் எங்களைப்போல் கிறிஸ்தவர்களாகாத என் சொந்தக்காரர்களைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் பேச்சு மலாய்தான், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வரும். அங்கிருந்து ஒரு வயதான நோன்யா (அவர்கள் வீட்டுப் பெண்களை அப்படித்தான் அழைப்போம்), இறந்துபோன தன் கணவரின் வெள்ளைச் சட்டையை வருஷா வருஷம் முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளுக்கு முன்னால் சலவைக்குக் கொண்டுவருவார். படையலுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டையை மடித்து வைப்பது அவர் வீட்டு வழக்கமாம்.

அந்த வருஷம் சட்டை போய்ச் சேர்ந்த மறுநாளே நோன்யா கடைக்கு வந்தார். மேசைமேல் எதையோ வைத்தார். பாதி பிடித்து அணைத்த சுருட்டு. சட்டைப் பையில் இருந்ததாம். அவர் கண் என்னைத் தாண்டி, கிணற்றடியில் குனிந்த தலை நிமிராமல் துவைத்துக்கொண்டிருந்த ஞானமுத்துவிடம் போனது. கோபப்படவே இல்லை. மலாயில் மெதுவாகச் சொன்னார், அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தவரைக்கும் புகையக் கண்டாலே இருமுவார். செத்த பிறகுதான் பழகியிருக்கார்போல."

குனிந்து குனிந்து

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அது. எஸ்தரும் நானும் முன்னாலேயே வேதக்கோயிலுக்குப் போய்விட்டோம். ஞானமுத்து கொடியைப் பார்த்திருக்கிறான். காய்ந்திருந்தது ஒரு ஜப்பான் ஆபீசரின் சட்டை மட்டும். பட்டையும் பதக்கமும் கழற்றிவிட்டுத்தான் சலவைக்கு வரும், பார்க்கச் சாதாரணக் காக்கிதானே என்று இவன் நினைத்துவிட்டான். மேலே அந்தச் சட்டை, கீழே வேட்டி. சைக்கிளில் ஏறிப் புறப்பட்டான்.

சந்தியில் ஜப்பான் காவல்காரன் நின்றான். அவனைத் தாண்டுகிற எவனும் இறங்கிக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அப்போது சட்டம். ஞானமுத்து இறங்குவதற்குள் காவல்காரன் சட்டையின் வெட்டைப் பார்த்துவிட்டு விறைத்து நின்று குனிந்தான். இவன் பழக்கதோஷத்தில் இன்னும் கீழே குனிந்தான். தன்னைவிடக் கீழே ஒரு ஆபீசர் குனிவதா என்று அவன் மேலும் குனிந்தான். இப்படி இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்ததில், கடைசியில் காவல்காரன் கண் வேட்டிக்கரைக்கு வந்து சேர்ந்தது. அவன் நிமிர்ந்து யோசித்து முடிப்பதற்குள் ஞானமுத்து சைக்கிளை மிதித்துத் திருப்பம் தாண்டிவிட்டான்.

கோயிலில் அப்போது வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் இல்லை. உபதேசியார் யாக்கோபுதான் எல்லாம். அன்றைக்கென்று அவர் எடுத்த பிரசங்கம், வேதாகமத்தில் பிடிபட்ட பட்டணத்துச் சால்வை ஒன்றைத் திருடிக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தவனைப் பற்றியது. ஒருவன் எடுத்த சால்வைக்காக ஜனமே அடி வாங்கியதாம். ஞானமுத்து மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது உபதேசியார், "யார் உடுப்பு அது?" என்று சபையைப் பார்த்து ஓங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசங்கத்தில் கேட்கிற கேள்வி, யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. ஞானமுத்து சொன்னான். நடுவழியில் முழங்காலில் விழுந்து, ஆண்டவரே என்று ஆரம்பித்து, கிராணியார் கோட்டிலிருந்து நோன்யா வீட்டுச் சட்டைவரை எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினான். இனி அடுத்தவன் உடுப்பைத் தொட்டு உடுத்தமாட்டேன், யாருக்கும் இரவலும் கொடுக்கமாட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தான். எஸ்தர் அழுதாள். எனக்குக்கூடக் கண் கலங்கியது. உபதேசியார் இறங்கி வந்து அவன் தலைமேல் கை வைத்தார்: "நீ மனந்திரும்பினதுக்கு ஸ்தோத்திரம் ஞானமுத்து. இப்பச் சட்டையக் கழட்டி ஆர்மோனியத்துக்குப் பின்னால போடு, வெளிய பூட்ஸ் சத்தம் கேக்குது."

கண் திறந்த ஜெபம்

பூட்ஸ் சத்தம் தெருவோடு போய்விட்டது. சட்டையை மறுபடி துவைத்து, இஸ்திரி போட்டு, எதுவும் நடக்காததுபோல் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி நிம்மதி என்று நினைத்தேன். பழக்கத்தை விடுகிறவன் வீட்டில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கப்புறம்தான் நிம்மதி போகும்.

முன்பெல்லாம் மூட்டை மூட்டையாய்த் துவைத்துத் தள்ளியவன், இப்போது நல்ல சட்டை ஒன்று கையில் வந்தால் நின்றுவிடுவான். உதடு அசையும். ஜெபமாம். கொடியில் போடும்போது ஒன்று, எடுக்கும்போது ஒன்று, மடிக்கும்போது கொஞ்சம் நீளமாய் ஒன்று. அலமாரிச் சாவியை என் இடுப்பில் கட்டிவிட்டு, "நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்றான். அரைமணி நேரத்தில் வந்து, கேட்டால் கொடுத்துவிடுவேனா என்று சோதித்துப் பார்த்தான். எனக்குப் பக்தி அளவாகத்தான் உண்டு. துணி முடங்கிக் கிடக்கிறதே என்று நான் கத்தினேன், அவன் எனக்காகவும் சேர்த்து ஜெபித்தான்.

ஒரு நாள் சீனக் கடை முதலாளியான தவுக்கே ஒருவருடைய பட்டுச்சட்டை வந்தது. இளம் நீலம். அந்தப் பஞ்சகாலத்தில் அப்படி ஒரு துணியைத் தொட்டே வெகுநாள் ஆகியிருந்தது. ஞானமுத்து அதன் முன்னால் கையைக் கட்டி நின்றான். நேரம் போனது. எட்டிப் பார்த்தேன், கண் திறந்தே இருந்தது. என்ன ஜெபம் இது என்று கேட்டதற்கு முகமெல்லாம் வேர்க்க அவன் சொன்னான்: "அத்தான், இத இன்னிக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. ஜெபம் பண்ணப் பண்ண எனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரியே தெரியுது."

பாதிச் சபை

வாக்குக் கொடுத்த அடுத்த ஞாயிறு கோயிலில் பாதி பெஞ்சு காலி. காய்ச்சல் பரவுகிறதோ என்று எஸ்தர் பயந்தாள். காய்ச்சல் இல்லை. ஞானமுத்து இரவல் கொடுப்பதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். எங்கள் சபை எத்தனை காலமாய் எங்கள் வாடிக்கைக்காரர்களின் துணியில் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வந்திருந்தவர்களும் விதவிதமாய் வந்திருந்தார்கள். ஒருவர் ரப்பர் ஷீட்டில் தைத்த கால்சட்டையில், உட்கார்ந்தால் ஒரு சத்தம், எழுந்தால் ஒரு சத்தம். பாட்டுக்கு எழுந்தபோது ஆர்மோனியம் கேட்கவில்லை.

ஆனால் இதற்கு முந்தின சாயங்காலம் நடந்ததைச் சொல்லவேண்டும். உபதேசியார் யாக்கோபு வழக்கம்போல் கடைக்கு வந்தார். வழக்கம்போல் கையை நீட்டினார். அவர் ஞாயிறுதோறும் போட்டுக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிற கறுப்புக் கோட்டு, கிளேபாங்கில் இருந்த ஒரு வக்கீலுடையது. வக்கீல் போர் தொடங்கியதும் சிங்கப்பூருக்கு ஓடியவர், கோட்டைக் கேட்டு வரவே இல்லை. உபதேசியார் அதை இரவல் என்று எடுத்துப் போக ஆரம்பித்து, நாளாவட்டத்தில் அந்த நினைப்பே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. ஞானமுத்து கையைக் கூப்பினான். "ஐயா, நான் வாக்குக் கொடுத்திருக்கேன். ஒங்க முன்னாலதான்" என்றான்.

உபதேசியார் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். நான் இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரி போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நல்ல மனுஷன், சண்டை போடவில்லை. படி இறங்கும்போது தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்: "அந்தச் சால்வைப் பிரசங்கத்தையும் இந்தக் கோட்டுக்குள்ள நின்னுதான் பண்ணியிருக்கேன்."

மடிப்புக் கலையாத கோணி

ஞானமுத்துவுக்குச் சொந்தமாய் இருந்த சட்டை இரண்டும் வெகுநாள் முன்பே நைந்துபோயிருந்தன. ஊரார் சட்டை இருக்கும்போது யார் கவலைப்பட்டார்கள்? எஸ்தர் இரண்டு அரிசிச் சாக்கைப் பிரித்து அவனுக்குச் சட்டையும் கால்சட்டையும் தைத்துக் கொடுத்தாள். தொழில் கௌரவம் விடவில்லை, அவன் அந்தக் கோணிக்கும் மரவள்ளிக் கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போடச் சொன்னான். போட்டேன். முதுகில் அரிசி ஆலையின் முத்திரை எத்தனை தரம் வெளுத்தும் போகவில்லை. கோயிலில் அவனுக்குப் பின் பெஞ்சில் இருந்தவர்கள் ஜெப நேரத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொறிந்துகொண்டே இருந்தான், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

வியாபாரம்தான் படுத்தது. செங் ஊர்ப் பக்கமிருந்து வழக்கமாய்த் துணி போடும் ஒரு கங்காணி, மூட்டையோடு வாசல்வரை வந்தவர் ஞானமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார். மூட்டையைக் கீழே இறக்கவே இல்லை. என்ன சூசா, என்ன கஷ்டம் என்று விசாரித்தேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முன்னெல்லாம் டோபி நல்லா உடுத்தியிருப்பான், நம்ம துணி பத்திரமா இருக்குன்னு தெரியும். இப்ப இவன் கோணி கட்டியிருக்கான். அப்ப எங்க துணியெல்லாம் எங்கய்யா போச்சு?"

வெள்ளாவியடி

சிரிப்பு அடங்கிப்போன ஒரு நாளும் உண்டு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஜப்பான் லோரி ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. கோட்டுப் போட்டவனை ஆபீஸ்காரன் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், கோணி கட்டியவனைக் கேள்வி கேட்காமல் ஏற்றுவார்கள். ராணுவச் சலவைக்காரர் என்று எங்கள் கடைக்கு ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள், ஆனால் அது என் பெயருக்கு மட்டும்தான். வெளியே போகும்போதாவது ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி எஸ்தர் தம்பியிடம் தினமும் மன்றாடினாள். அவன் அசையவில்லை.

ஒரு பட்டப்பகலில் லோரி எங்கள் சந்துக்குள்ளேயே திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டில் ஆட்கள் அலறுவது கேட்டது. எஸ்தர் மேசைமேல் இஸ்திரி முடிந்து கிடந்த ஒரு கோட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். நானும் ஓடினேன். "போட்டுக்கடா, ஒன் காலுல விழறேன்" என்று அதை அவன் தோளில் போர்த்தினாள். அவனுக்குக் கண்ணில் நீர். கோட்டை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "வேண்டாங்கா. ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டேன்." எனக்கு அவனை அந்த இடத்திலேயே அறையவேண்டும்போல இருந்தது. அவனை அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

முன்வாசல் கதவு இடிபட்டது. வெள்ளாவி அடுப்புப் பக்கத்தில், அன்று காலை ராணுவ முகாமிலிருந்து கொண்டுவந்து கொட்டிய அழுக்குத் துணி மலைபோல் கிடந்தது. ஞானமுத்து ஒரே பாய்ச்சலில் அதற்குள் புகுந்துவிட்டான். நான் மேலே இன்னும் நாலு துணியை இழுத்துப் போட்டேன். சிப்பாய் ஒருவன், மொழிபெயர்க்கிற ஆள் ஒருவனோடு உள்ளே வந்தான். என் சீட்டைப் பார்த்தான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு துப்பாக்கி முனைக் கத்தியைத் துணிக்குவியலை நோக்கி நீட்டினான். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ, "அதெல்லாம் ஆபீசருங்க துணி. ஓட்டை விழுந்தா யார் குத்தினதுன்னு கேப்பாங்க, நான் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். அந்த ஆள் அதை மொழிபெயர்த்தான். சிப்பாய் கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவன் பூட்ஸடியில் ஒரு காலுறை கிடந்தது. அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மரியாதையாகக் குவியல்மேல் வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் சந்திலிருந்து அன்றைக்கு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் ஒருவர்தான் திரும்பி வந்தார். வராதவர் வீட்டில் எஸ்தர் அன்று ராத்திரி முழுவதும் இருந்தாள்.

லோரிச் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் குவியல் அசைந்தது. ஞானமுத்து எழுந்து நின்றான். கழுத்தில் ஒரு கால்பட்டி சுற்றியிருந்தது, காதில் ஒரு காலுறை தொங்கியது, ஒரு பட்டாளத்தின் வேர்வை நாற்றம் முழுக்க அவன்மேல். எஸ்தர் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் என்னைத்தான் பார்த்தான். "அத்தான், ஒண்ணுலயும் கைய விடல. மேல கெடந்துச்சு, அவ்வளவுதான். இது வாக்குத் தவறினதுல சேராதுல்ல?" நான் அழுதுகொண்டிருந்தேன். லோரி வந்தது கேட்டு, கிழிந்த பனியனோடு ஓடிவந்த உபதேசியார் வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, எனக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொன்னார்: "சேராது ஞானமுத்து, சேராது. முதல்ல போய்க் குளிச்சிட்டு வா, அப்புறம் ஸ்தோத்திர ஜெபம் பண்ணலாம்."

கெட்ட பழக்கத்தை விட்டவனோடு ஒரே கடையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் நான் கண்டது, விடுகிறவனுக்கு ஆண்டவர் துணை நிற்கிறார், பக்கத்தில் இருக்கிறவன்தான் ஒற்றை ஆளாய்க் கஷ்டப்படுகிறான்.